மார்ஷலுக்கு ஒரு சாவு ஊர்வலம்

ஹோகன் ஏக்ஷெல்ட் களத்தில் தோற்றதே கிடையாது. ஸ்வீடன் படையின் மார்ஷலாக அவர் ஜெர்மன் மண்ணில் கால் வைத்ததிலிருந்து, பால்டிக் கரை தொடங்கி போஹீமிய மலையடிவாரம் வரை எத்தனையோ கோட்டைக் கதவுகள் அவருக்குத் திறந்திருந்தன. சில தாமாகத் திறந்தன. மற்றவற்றைப் பீரங்கி திறந்து வைத்தது. எதிரியான ஜெர்மன் பேரரசரின் படைக்கு ஆள் சேர்க்கிறவர்கள், 'ஏக்ஷெல்ட் இருக்கிற பக்கம் உன்னை அனுப்பமாட்டோம்' என்று வாக்குக் கொடுத்தால்தான் இளவட்டங்கள் வந்து சேருகிறார்களாம் என்று முகாமில் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதரை லோசா ஆற்றங்கரையில், ஒரு மாவு ஆலைக்காரன் வீட்டு மாடியில், சாதாரண முகாம் காய்ச்சல் படுக்கையில் தள்ளிவிட்டது.

அவர் மனைவி குனில்லா ஈரத் துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் படையோடுதான் இருந்தாள். சொந்த ஊரில் மாளிகை இருந்தது, தோட்டம் இருந்தது. அங்கே உட்கார்ந்து தபாலுக்குக் காத்திருப்பதைவிட இங்கே சேற்றில் கிடப்பது மேல் என்று முதல் வருடமே முடிவு செய்துவிட்டாள். மற்ற தளபதிகளின் மனைவிமார் பாதுகாப்பான நகரங்களில் தங்கிப் பட்டும் லேஸும் வாங்கினார்கள். இவள், கணவர் வரைபடத்தை விரிக்கும்போது மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கொஞ்ச காலத்தில் மெழுகுவர்த்தியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஹோகனுக்கு அது பிடித்திருந்தது. "இவகிட்ட பேசி ஜெயிச்சுட்டா அப்புறம் எதிரிய ஜெயிக்கறது ஒண்ணும் பெரிசில்ல" என்பார்.

இப்போது நிலைமை இறுக்கமாக இருந்தது. ஆற்றின் கிழக்குக் கரையில் இவர்கள். மேற்குக் கரையில், கல் பாலத்துக்கு அப்பால், மேட்டுமேல் மண்ணரண் கட்டி உட்கார்ந்திருந்தார் பேரரசரின் தளபதி, இத்தாலியரான கோமகன் பெல்கார்டி. அவருக்குப் பின்னால் ஹார்டெனாவ் நகரம். அதன் களஞ்சியங்களில் ஒரு படையே பனிக்காலம் முழுக்கச் சாப்பிடும் அளவு தானியம். இவர்களுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கடந்து வந்த நாட்டை இரண்டு பக்கத்துப் படைகளும் மாறி மாறித் தின்று மொட்டையடித்திருந்தன. பனி விழுவதற்குள் ஹார்டெனாவுக்குள் போகாவிட்டால் இந்தப் படை பட்டினியிலேயே கரைந்துவிடும்.

பெல்கார்டியோ அரணை விட்டு வெளியே வருவதாக இல்லை. ஏக்ஷெல்டோடு மூன்று முறை மோதி மூன்று முறையும் அடி வாங்கியவர். நாலாவது அடிக்கு அவருக்கு ஆசையில்லை.

மார்ஷல் படுத்திருப்பது ஐந்தே பேருக்குத்தான் தெரியும். குனில்லா, மருத்துவர், மார்ஷலின் பழைய ஏவலாள் நில்ஸ், அடுத்த நிலைத் தளபதி டிரெஸ்னிட்ஸ், ஃபின்லாந்துக் குதிரைப்படையின் தலைவர் கர்னல் கர்ஹுலா. கேட்கிறவர்களிடமெல்லாம் 'மார்ஷல் ஆற்றைக் கடக்கத் துறை பார்க்கப் போயிருக்கிறார்' என்று சொல்லி வைத்திருந்தார்கள். படையில் பாதிக்கு மேல் கூலிக்கு வந்த ஜெர்மானியர்கள். அவர்கள் கொடிக்காக நிற்கவில்லை, ஸ்வீடன் ராணிக்காக நிற்கவில்லை. தோற்காத மனிதர் ஒருவருக்குப் பின்னால் நின்றார்கள்.

அன்று காலை, மழை விட்ட நேரத்தில், பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து எக்காளம் ஊதிக்கொண்டு வெள்ளைக் கொடியோடு ஒரு கேப்டன் வந்தான். கையில் கூடை நிறைய எலுமிச்சம்பழம்.

"கோமகன் பெல்கார்டி மார்ஷலுக்கு மரியாதையா அனுப்பிச்சிருக்கார்," என்றான் தொப்பியைக் கழற்றி. "இத்தாலியிலேர்ந்து வந்த பழம். மழையில உடம்புக்கு நல்லதுன்னார். மார்ஷலை நேர்ல பார்த்துக் குடுத்துட்டு வரச் சொன்னார்."

வாய் மரியாதையாகப் பேசியது. கண்கள் வேலை பார்த்தன. மாடிப்படியைப் பார்த்தான், அடுப்பில் கொதிக்கும் மூலிகைத் தண்ணீரைப் பார்த்தான், குனில்லாவின் சிவந்த கண்களைப் பார்த்தான். முகாமிலிருந்து எவனோ ஓடிப்போய் வதந்தியைச் சொல்லியிருக்கிறான், அதை உறுதி செய்யத்தான் இந்தப் பழம் என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

'துறை பார்க்கப் போயிருக்கிறார்' என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். சொன்னால் இவன் நம்பமாட்டான். மார்ஷலுக்கு உடம்பு சரியில்லை என்று போய்ச் சொல்வான். பெல்கார்டி இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, கிழக்குக் கரையில் எல்லோரும் பட்டினி கிடப்பதை வேடிக்கை பார்ப்பார். உயிரோடிருக்கும் ஏக்ஷெல்ட், காய்ச்சலோடிருந்தாலும், அவரை அந்த மேட்டிலிருந்து இறங்க விடமாட்டார்.

உயிரோடிருக்கும் ஏக்ஷெல்ட்.

அவள் கூடையை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"கோமகனுக்கு என் நன்றியைச் சொல்லுங்க கேப்டன்," என்றாள். "ஆனா என் வீட்டுக்காரருக்கு இனிமே பழம் தேவைப்படாது. நேத்து சாயங்காலம் போயிட்டார்."

 அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து, காய்ச்சல் வேகத்தில், மார்ஷலின் குரல் தெளிவாகக் கேட்டது: "குதிரை எங்கடா?"

 அடுத்த நொடி மாடியில் நில்ஸின் கட்டைக் குரல் வீடே அதிரும்படி ஒரு தோத்திரப் பாட்டை எடுத்தது. சுதியும் இல்லை, தாளமும் இல்லை. ஆனால் சத்தம் இருந்தது.

"சடலத்துக்குப் பக்கத்துல ஆளு ஜெபம் பண்றான்," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "ரொம்ப வருஷமா கூட இருந்தவன். துக்கத்துல ஏதேதோ கத்தறான்."

கேப்டன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். அவன் முகத்தில் வந்த வருத்தம் நிஜமானது. அதற்கு அடியில் எழும்பிய அவசரமும் நிஜமானது. குதிரையை அவன் பாலத்துக்கு ஓட்டிக்கொண்டு போன வேகத்தைப் பார்த்து அவள் திருப்தியோடு கதவைச் சாத்தினாள்.

அடுத்த மணி நேரத்திலேயே டிரெஸ்னிட்ஸ் வந்து கத்த ஆரம்பித்தார். அவர் சாக்ஸனிப் பிரபு. உயரமாக, விறைப்பாக, மழையிலும் கசங்காத கழுத்துப் பட்டியோடு இருப்பார். ஹோகனுக்கு அடுத்த இடத்தில் நெடுநாள் நின்று சலித்துப்போனவர்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க அம்மணி! நாளைக்குக் காலையில ஒரு ஜெர்மன்காரன் முகாம்ல இருப்பானா? யார்கிட்ட கேட்டு சொன்னீங்க?"

"கேக்க நேரமில்ல. அந்தக் கேப்டன் நின்னுட்டிருந்தான்."

"போர்க்களம்னா என்னன்னு நெனச்சீங்க? விருந்துக்கு ஆள் கூப்பிடற மாதிரியா?"

"அதேதான் ஜெனரல்," என்றாள் குனில்லா. "பெல்கார்டிய விருந்துக்குக் கூப்பிட்டிருக்கேன். வருவார். இலையைப் போட வேண்டியது நீங்க."

சுவரில் சாய்ந்து நின்றிருந்த கர்ஹுலா வாய்விட்டுச் சிரித்தார். கரடி போன்ற உடம்பு, ஒரு காது பாதி இல்லை. ஃபின்லாந்துக் காடுகளிலிருந்து வந்த அவருடைய குதிரைக்காரர்களும் அவரைப் போலவே, பேச்சில் முரடு, சவாரியில் பேய்.

"சொல்லுங்கம்மா," என்றார். "மேல சொல்லுங்க. இவர் அப்புறமா கத்தட்டும்."

அவள் வரைபடத்தை விரித்தாள். நாளைக் காலை படை முகாமைக் கலைத்துக்கொண்டு கிழக்கே திரும்பிப் போக வேண்டும். மறைவாக இல்லை, எதிர்க்கரை பார்க்கும்படி, கறுப்புத் துணி போர்த்திய முரசோடு, தலைகீழாகப் பிடித்த துப்பாக்கிகளோடு, வண்டிமேல் சவப்பெட்டியோடு. தலைவன் போன படை ஊர் திரும்புகிறது. பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பாதை ஒரு மேட்டில் ஏறும். இரண்டு பக்கமும் ஓக் காடு. முன்னால் போகிற கர்ஹுலாவின் குதிரைப்படை அங்கே காட்டுக்குள் புகுந்து நின்றுகொள்ளும். பெல்கார்டி துரத்தி வருவார். பாதிப் படை பாலத்தைத் தாண்டியதும், காட்டிலிருந்து குதிரைப்படை பக்கவாட்டில் இறங்கிப் பாலத்தைப் பிடிக்கும். காலாட்படை திரும்பி நிற்கும்.

"பீரங்கி?" என்றார் டிரெஸ்னிட்ஸ். அவர் குரல் சற்று இறங்கியிருந்தது.

"சின்னப் பீரங்கிய எல்லாம் சாவு வண்டியில ஏத்திக் கறுப்புத் துணி போட்டு மூடிடலாம். துக்கத்துக்கு எத்தனை வண்டின்னு யாரு எண்ணப் போறா?"

"அவன் வரலேன்னா?"

"மூணு தடவை தோத்தவர் ஜெனரல். ஏக்ஷெல்டோட படைய அழிச்சவர்னு பேர் எடுக்க இப்பதான் முதல் தடவையா கதவு திறந்திருக்கு. உங்களுக்கா இருந்தா வருவீங்களா மாட்டீங்களா?"

டிரெஸ்னிட்ஸின் பார்வை வரைபடத்தில் பாலத்துக்குப் போனது. 

"படை உங்க கையில," என்றாள் அவள். "ஜெயிச்சா நீங்க ஜெயிச்சதுதான். தோத்தா, துக்கத்துல விதவைக்குப் புத்தி கலங்கிடுச்சு, அவ உளறினதைக் கேட்டுட்டேன்னு சொல்லிக்கோங்க. நான் மறுக்க மாட்டேன்."

அவர் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டார். "ஒரு பொம்பளைமேல பழியைப் போட்டுப் பிழைக்கற ஆளு நான் இல்ல," என்றார் விறைப்பாக. அப்புறம் வரைபடத்தின் மேல் குனிந்தார்.

மறுநாள் விடிந்ததும் கிராமத்து மாதாகோவில் மணி அடிக்கத் தொடங்கியது. செய்தி முகாமில் எப்படிப் பரவும் என்று குனில்லா நினைத்துப் பார்த்திருந்தாள். ஆனால் பார்த்தபோது அது வேறாக இருந்தது. பேச்சு முதலில் நின்றது. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியே எழுந்து நின்றார்கள். மீசை நரைத்த ஈட்டிக்காரர்கள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். எவனோ ஒருவன் 'பொய்' என்று கத்தினான். பக்கத்திலிருந்தவன் அவன் வாயைப் பொத்தினான்.

அவள் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வண்டியில் ஏறினாள். கூரை போட்ட பெரிய வண்டி. உள்ளே, மெத்தைகளுக்கு நடுவில், மருத்துவர் பக்கத்தில் இருக்க, மார்ஷல் முனகிக்கொண்டு கிடந்தார். பின்னால் இன்னொரு வண்டியில் சவப்பெட்டி, அதன்மேல் அவருடைய வாளும் இறகு வைத்த தொப்பியும். பெட்டிக்குள் ஆற்று மணல். வழியெல்லாம் வீரர்கள் வண்டிக்கு அருகே வந்து, அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒருவன் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து மடியில் வைத்தான். முகாமில் அப்போது ரொட்டி எவ்வளவு அரிது என்று அவளுக்குத் தெரியும். முகத்தை மூடிக்கொண்டாள். ஏமாற்றுகிறோம் என்ற கூச்சத்தில் வந்த கண்ணீரைத் துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஊர்வலம் மேட்டில் ஏறும்போது வண்டிக்குள்ளிருந்து கணவர் குரல் வந்தது. பலவீனமாக இருந்தாலும் தெளிவாக இருந்தது. தொட்டுப் பார்த்தாள். உடம்பு முழுக்க வேர்வை, சூடு இறங்கியிருந்தது.

"முரசு ஏன் இப்படி அழுதுவடியுது?" என்றார். "யாரு செத்துட்டா?"

"நீங்கதான்."

அவர் வண்டிக் கூரையைப் பார்த்தார்.

"எப்போ?"

"முந்தாநாள் சாயங்காலம். பேசாம படுங்க. பின்னாடி பெல்கார்டி வருவார்."

அவள் குனிந்து, காதோடு காதாக எல்லாவற்றையும் சொன்னாள். தூதன், எலுமிச்சம்பழம், மேடு, காடு, பாலம். சொல்லும்போதே அவர் முகத்தைப் பார்த்தாள். கோபப்படுவார் என்று கொஞ்சம் பயம் இருந்தது. ஆனால் அவர் கண்கள், வரைபடத்தைப் பார்க்கும்போது எப்படிச் சுருங்குமோ அப்படிச் சுருங்கின.

"கர்ஹுலா எப்போ இறங்கறான்?"

"பாதிப் படை தாண்டினதும்."

"தப்பு. பாதின்னா அவன் கண்ணுக்கு எது பாதி? ஆளை எண்ணிட்டு நிக்க முடியாது." மூச்சு வாங்கியது. "பீரங்கி பாலத்து மேல ஏறட்டும். கனமான பீரங்கி, மாடு பூட்டினது. அது ஏறினா முன்னாடி போனவன் திரும்ப முடியாது, பின்னாடி இருக்கறவன் வர முடியாது. அப்ப இறங்கச் சொல்லு."

அவள் உடனே நில்ஸைக் குதிரையேற்றிக் கர்ஹுலாவிடம் அனுப்பினாள். நில்ஸ் கிளம்பிப் போன பிறகு ஹோகன் கேட்டார்: "டிரெஸ்னிட்ஸ் என் சாவுக்கு அழுதானா?"

"அவருக்குத்தான் விஷயம் தெரியுமே."

"தெரிஞ்சிருந்தாலும் ஒரு மரியாதைக்கு அழுதிருக்கலாம்."

"கர்ஹுலா அழுதார். தெரிஞ்சும் அழுதார். தொப்பியைப் பெட்டிமேல பார்த்ததும் தாங்கலியாம்."

மார்ஷல் சிரிக்க முயன்று இருமினார்.

பெல்கார்டி வந்தார். மேட்டு விளிம்பில் வண்டியை நிறுத்தி, திரையை விலக்கிக் குனில்லா பார்த்தாள். பாலம் கறுப்பாகிவிட்டது. ஒரு வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை, கொடிகள், முரசு. இவ்வளவு நாள் மண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர்கள் கல்யாணத்துக்குக் கிளம்பினவர்களைப் போல வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய முன்னணிக் குதிரைப்படை புல்வெளியைக் கடந்து பின்வாங்கும் காலாட்படையின் கடைசி வரிசையை நெருங்கியது. முதல் துப்பாக்கிகள் வெடித்தன.

டிரெஸ்னிட்ஸ் திரும்பி நிற்க உத்தரவிட்டார். ஸ்வீடன் ரெஜிமெண்ட் நின்றது. ஆனால் இடது பக்கம் இருந்த ஜெர்மன் ரெஜிமெண்டுகள் நிற்கவில்லை.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களுக்கு இது நாடகம் என்று தெரியாது. தலைவன் பெட்டியில் கிடக்கிறான், எதிரி முதுகில் ஏறுகிறான், காட்டுக்குள் ஓடினால் பிழைக்கலாம். முதலில் ஒருவன் ஈட்டியைப் போட்டான். பிறகு ஒரு வரிசையே போட்டது. டிரெஸ்னிட்ஸ் வாளை உருவிக்கொண்டு அவர்கள் நடுவில் குதிரையை விட்டார். ஓடுகிற கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடியது. பாலத்துமேல் பீரங்கி இன்னும் ஏறவில்லை. கர்ஹுலா காட்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார் என்று குனில்லாவுக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் இந்தக் காலாட்படை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவள் போட்ட திட்டமே அவர்களுக்குச் சவக்குழி.

"என்னைத் தூக்கு," என்றார் ஹோகன். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், பார்க்காமலே சத்தத்தில் எல்லாம் தெரிந்தது.

"உங்களால நிக்க முடியாது."

"அதான் உன்னைத் தூக்கச் சொன்னேன்."

அவள் வண்டியின் முன்பக்கத் திரையைக் கிழித்து எறிந்தாள். மருத்துவரும் அவளுமாக அவரை எழுப்பி வண்டிக்காரன் பலகைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, செத்துப்போன மார்ஷல் இரவுச் சட்டையோடு நிற்பதைக் கண்டு, கடிவாளத்தைப் போட்டுவிட்டுக் குதித்தே ஓடிவிட்டான். குனில்லா ஒரு கையால் கணவரின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள், மறு கையால் கடிவாளத்தை இழுத்தாள். குதிரைகள் திரும்பின. வண்டி சரிவில், ஓடி வருகிற கூட்டத்துக்கு நேர் எதிரே, குலுங்கிக்கொண்டு இறங்கியது.

சவப்பெட்டி வண்டியைத் தாண்டும்போது அவர் கையை நீட்டித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். இரவுச் சட்டையும் இறகுத் தொப்பியுமாக, எலும்பும் தோலுமாக, மூக்கு மட்டும் பழைய மூக்காக நின்றார்.

பேச வாயைத் திறந்தார். குரல் எழும்பவில்லை.

குனில்லாவின் குரல் எழும்பியது. தனக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

"எங்கடா ஓடறீங்க? நிமிர்ந்து பாருங்கடா! உங்க மார்ஷல் இதோ நிக்கறார்! சாவுக்கு வந்துட்டு சாப்பிடாமக்கூடப் போறீங்களா? சமைச்சு வெச்சதெல்லாம் அங்க இருக்கு, ஆத்துக்கு அந்தப் பக்கம்!"

முன்னால் ஓடி வந்தவன் சறுக்கி நின்றான். பின்னால் வந்தவன் அவன்மேல் மோதினான். "ஐயோ, பேய்," என்றான் ஒருவன். "பேயாவே இருக்கட்டும், நம்ம பேய்தானே," என்றான் இன்னொருவன். ஹோகன் கையைத் தூக்கி, எதிரி பக்கமாக நீட்டினார். அவ்வளவுதான். முதலில் ஒரு கத்தல், பிறகு பத்துப் பேர், பிறகு ரெஜிமெண்ட் முழுக்க எழுப்பிய கூச்சல் மேட்டிலிருந்து ஆறு வரைக்கும் உருண்டு போனது. போட்ட ஈட்டிகளைத் தேடி எடுத்துக்கொண்டு அவர்கள் திரும்பினார்கள். கறுப்புத் துணிகளைக் கிழித்துக்கொண்டு சாவு வண்டிப் பீரங்கிகள் வெடித்தன.

அந்தக் கூச்சல் எதிரிப் படைக்கும் கேட்டது. முன்னணிக் குதிரைக்காரர்கள் தயங்கினார்கள். சரியாக அப்போது பெல்கார்டியின் முதல் பெரிய பீரங்கி, பத்துப் பதினைந்து ஜோடி மாடுகளோடு, பாலத்தின் நடுவுக்கு வந்து சேர்ந்தது.

கர்ஹுலா காட்டிலிருந்து இறங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததை முழுக்கச் சொல்ல நேரம் போதாது. நடந்த நேரமும் அதிகமில்லை. பாலத்தில் மாடுகள் மிரண்டு குறுக்கே விழுந்தன. இந்தப் பக்கம் வந்தவர்கள் ஆற்றுக்கும் ஈட்டிக்கும் நடுவில் அகப்பட்டார்கள். அந்தப் பக்கம் நின்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரத்தில் அதையும் விட்டுவிட்டு ஹார்டெனாவையும் தாண்டி ஓடினார்கள். உச்சிப்பொழுதுக்குள் பெல்கார்டியின் வாள் டிரெஸ்னிட்ஸின் கையில் இருந்தது. அன்று ஏறியிருந்த இரண்டு குதிரைகள் செத்து விழுந்தும் டிரெஸ்னிட்ஸ் களத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை. கழுத்துப் பட்டி மட்டும் எங்கேயோ காணாமல் போய்விட்டது.

பிற்பகலில் குனில்லா புல்வெளியில் இறங்கி நடந்தாள். ஜெயித்த களம் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இதுவரை பார்த்ததெல்லாம் வேறு யாரோ போட்ட திட்டத்தில் விழுந்தவர்கள். இன்று விழுந்தவர்களுக்கு அவளுடைய விரல் வரைபடத்தில் இடம் காட்டியிருந்தது. அதனால் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். பார்க்காமல் போக அவளுக்கு மனசு வரவில்லை.

ஒரு ஜெர்மன் ஈட்டிக்காரனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். எல்சே என்று பெயர், முகாமில் துணி வெளுப்பவள். குனில்லா வருவதைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை.

"காலையில உங்களுக்காக அழுதேன்," என்றாள். "இவன்தான் திட்டினான். மார்ஷலம்மாவுக்கு அழுது கண்ண வீங்க வெச்சுக்காதடின்னான். உங்க ஆளு எழுந்து வந்துட்டாரு. இவன் எழுந்திருக்க மாட்டான்."

 குனில்லாவின் தோளில் இன்னும் கறுப்புச் சால்வை கிடந்தது. கழற்றிக் கொடுக்கலாமா என்று கை போனது. அது கேலிபோல் ஆகிவிடும் என்று நிறுத்திக்கொண்டாள். சேற்றில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, இருவருமாக அவன் முகத்தைக் கழுவினார்கள். ஓட ஆரம்பித்துத் திரும்பிய ரெஜிமெண்டைச் சேர்ந்தவன்.

"என் குரலைக் கேட்டுத்தான் திரும்பினான்," என்றாள் கடைசியில்.

"கேட்டுத் திரும்பினான்னா அவனுக்கு இஷ்டம் இருந்துதான் திரும்பியிருப்பான்," என்றாள் எல்சே. "யாரு சொல்லியும் எதுவும் செய்யறவன் இல்ல அவன்." அந்தக் குரலில் மன்னிப்பு இல்லை. கணவனைப் பற்றிய பெருமை இருந்தது. குனில்லா அவளைத் தன் வண்டியிலேயே ஹார்டெனாவுக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தாள்.

பெல்கார்டியின் கூடாரத்திலேயே பெல்கார்டிக்குச் சாப்பாடு போட்டார்கள். வறுத்த வாத்து, அவருடைய சொந்த ஒயின். கைதியானாலும் கோமகன் கோமகனாகவே உட்கார்ந்திருந்தார். எதிரே மெத்தைகளுக்கு நடுவில் சாய்ந்து, வெறும் சாறு குடித்துக்கொண்டிருந்தார் ஹோகன்.

"உங்களுக்காக எங்க முகாம்ல பூசை வெச்சேன், மார்ஷல்," என்றார் பெல்கார்டி. "நிஜமாவே மனசு கஷ்டமாயிடுச்சு. எனக்கு வயசாகறது. இனிமே யார்கிட்ட தோக்கப் போறேன்னு யோசிச்சேன்."

"கஷ்டப்பட்டுட்டே கிளம்பி வந்துட்டீங்க."

"கஷ்டம் ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம்." கிண்ணத்தைச் சுழற்றினார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்களை எனக்குத் தெரியும். நீங்க பெருமைக்காரர். நான் செத்துட்டேன்னு சொல்லுங்கன்னு உங்க வாயால வராது. இது யாரு வேலை?"

ஹோகன் கரண்டியால் மனைவியைக் காட்டினார். "என்னைக் கொன்னது இவதான்."

கூடாரத்தில் இருந்த அதிகாரிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் பலருக்கு அதுவரை தெரியாது. டிரெஸ்னிட்ஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். ஏதோ மறுக்கப் போகிறார் என்றுதான் குனில்லா நினைத்தாள்.

"உண்மை," என்றார் அவர். "நான் வேண்டாம்னு சொன்னேன். அம்மணி சொன்னதுதான் நடந்தது." சொல்லிவிட்டு அதே விறைப்போடு உட்கார்ந்துகொண்டார்.

பெல்கார்டி எழுந்து, குனில்லாவுக்குத் தாழ்ந்து வணக்கம் சொன்னார். "அப்ப நான் இன்னும் ஒரு ஏக்ஷெல்ட்கிட்டயும் தோத்திருக்கேன். கணக்கு பெரிசாயிட்டே போகுது."

மறுநாள் பகலில் ஹார்டெனாவ் தெரிந்தது. கோபுரங்கள், புகைபோக்கிகள், மதிலுக்கு மேலே களஞ்சியங்களின் செங்குத்துக் கூரைகள். வாசல் கதவு ஏற்கெனவே திறந்து கிடந்தது. நகரத் தலைவர் கறுப்பு அங்கியும் வெள்ளிச் சங்கிலியுமாக, பின்னால் பெரியவர்கள் புடைசூழ, வெல்வெட் தலையணைமேல் நகரச் சாவிகளை ஏந்திக்கொண்டு நின்றார்.

குனில்லா இப்போது குதிரைமேல் வந்தாள், கணவரின் பல்லக்குக்குப் பக்கத்தில். நகரத் தலைவர் பல்லக்கை நெருங்கி, மனப்பாடம் செய்து வைத்திருந்த உரையை உரத்த குரலில் ஆரம்பித்தார்: "வடதிசையின் சிங்கமே, தோல்வியறியாத..."

"ஷ்ஷ்!" என்றாள் குனில்லா.

அவர் திகைத்து நிறுத்தினார். பல்லக்குக்குள் எட்டிப் பார்த்தார். தோல்வியறியாத மார்ஷல் வாயைத் திறந்துகொண்டு, காய்ச்சல் விட்ட பிள்ளையைப் போல, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நகரத் தலைவர் தலையணையைப் பிடித்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் டிரெஸ்னிட்ஸைப் பார்த்தார். டிரெஸ்னிட்ஸ் குனில்லாவைப் பார்த்தார். கர்ஹுலா தாடியைச் சொறிந்துகொண்டு வானத்தைப் பார்த்தார்.

அவள் குதிரையிலிருந்தே குனிந்து கையை நீட்டினாள்.

"என்கிட்ட குடுங்க," என்றாள் மெதுவாக. "எவன் வீட்டையும் எவனும் தொடமாட்டான், அதுக்கு நான் பொறுப்பு. ரொட்டி சுடற அடுப்பெல்லாத்தையும் மூட்டச் சொல்லுங்க. மூட்டும்போது சத்தம் போடாம மூட்டச் சொல்லுங்க. அவர் ரொம்ப நாள் கழிச்சு இப்பதான் தூங்கறார்."

சாவிகள் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தன. அவற்றை இடுப்புப் பட்டியில் மாட்டிக்கொண்டு, முரசுக்காரர்கள் பக்கம் திரும்பிக் கையசைத்தாள். முரசு ஒலிக்கவில்லை. ஈட்டிகளைத் தோளில் அணைத்துக்கொண்டு, சேறு படிந்த பூட்ஸுகளை முடிந்தவரை மெல்ல ஊன்றி வைத்து, ஒரு படையே நகரத்துக்குள் நடந்து போயிற்று.